ஊசிக்கல்லும் கைக்கடிகாரமும்

டெய்லரம்மாவுக்கு வாட்ச் பைத்தியம் பிடித்தது ஒரு கோட்டுப் பையிலிருந்துதான். கை நீளத்தைக் குறைக்கச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய கோட்டு. உள்பையில் வார் அறுந்த, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று கிடந்தது. கோட்டை வாங்க வந்தவரிடம் அதை நீட்டினால், "அதுவா, தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தூக்கிப் போடுகிற ஆளா இவள்? நூல் துண்டைக்கூட நீளம் பார்த்து எடுத்து வைக்கிறவள். தையல் பிரிக்கிற கத்தியின் முனையால் பின்மூடியை நெம்பித் திறந்தாள். அவ்வளவுதான், அன்றைக்குத் தைத்துத் தருவதாகச் சொன்ன கவுன் அப்படியே கிடந்தது.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பொறாமை. இவ்வளவு நெருக்கமாக, ஒன்றோடொன்று இடிக்காமல், யாரோ ஒருவர் அடுக்கியிருக்கிறாரே என்ற பொறாமை. அவளும் அளவோடு வாழ்கிறவள்தான். தோள் தையலில் ஒரு நூலிழை விலகினால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அந்த ரோஷத்தோடுதான் இதில் இறங்கினாள்.

அவள் வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, மேஜையின் வலது மூலையில் ஊசிக்கல். இந்த ஊசிக்கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு எப்போதோ பாடாமல் போன ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து அவள் வீட்டுக்காரர் கழற்றிக் கொடுத்த கறுப்பு வட்டம் அது. தகரத் தட்டில் வைத்து, குண்டூசியைத் தூர இருந்து வீசினாலும் போய் ஒட்டிக்கொள்ளும். கீழே விழுந்த ஊசியைத் தேட அதையே தரையில் ஒரு உருட்டு உருட்டினால் போதும். அந்த வீட்டில் தொலையக் கூடாத சாமான் எதுவானாலும் அதன் மேல்தான் இருக்கும். பீரோ சாவி, பாபின் மூடி, வாடிக்கையாளர் விட்டுப்போன சட்டைக் கொக்கி, எல்லாம் அங்கேதான். "கல்லு மேல வெச்சேன்" என்றால் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் உதவியாளர். குழாய் ஒழுகினாலும் அவர்தான், பெஞ்சு கால் ஆடினாலும் அவர்தான். ஆனாலும் தெருவில் அவருக்கு மணிக்காரர் என்றுதான் பேர். முற்றத்தில் தொங்குகிற வெண்கல மணியை அடிப்பது அவர் வேலை. அதை வேலை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். முதல் சம்பளத்தில் வாங்கிய சாவி கொடுக்கும் வாட்ச்சைப் பார்த்து, சுத்தியலை ஓங்கி முதல் அடி அடித்துவிட்டு, அந்தச் சத்தம் மதில் தாண்டிப் போகிற வரைக்கும் பொறுத்து அடுத்த அடி அடிப்பார். தெருவில் பாதி வீட்டுக் கடிகாரம் அந்த மணியைக் கேட்டுத்தான் முள் திருப்பப்படும். டெய்லரம்மா வீட்டுச் சுவர்க் கடிகாரமும் அப்படித்தான். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, மணி காட்டுகிறது. இருந்தாலும் மணிக்காரர் அடித்தால்தான் மணி.

பள்ளிக்கூடம் கிளம்புமுன் தினமும் காலையில் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அன்றைக்கு வேண்டிய நிற நூல்களையெல்லாம் ஊசிகளில் கோத்து, பஞ்சு மெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவார். கண்ணாடி போட்டாலும் அவளுக்கு ஊசிக்காது பிடிபடுவதில்லை. அவருக்கோ ஜன்னல் வெளிச்சமே தேவையில்லை. வாட்ச் வேலைக்காக அவள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் வாங்கிய பிறகு, ஊசிக்காது குகை வாசல் மாதிரி தெரிய ஆரம்பித்தது. அதை அவள் வெளியில் சொல்லவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, கோத்துக்கொண்டே இருந்தார்.

லென்ஸ் வந்த கதைக்கு முன்னால் ஒரு அசட்டுக் கதை இருக்கிறது. முதலில் அவள் வாங்கியது பஜாரில் விற்ற ஒரு பெட்டி. வெல்வெட்டு மெத்தை, அதில் படுக்க வைத்த பளபளவென்ற திருப்புளிகள், சாமணம், சின்னச் சுத்தியல். கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பியதும் திருப்புளியின் முனை வளைந்தது, ஸ்க்ரூவின் தலை கடித்துத் துப்பியது மாதிரி ஆனது. சரி, நம் சாமானே போதும் என்று அடுத்த வாட்ச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெயை விட்டாள். அது சக்கரம் சக்கரமாகப் பரவி, கொஞ்ச நஞ்சம் ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிட்டது.

அப்புறம்தான் மார்க்கெட் சந்தில் இருந்த கருவிக் கடையைக் கண்டுபிடித்தாள். வாட்ச் ரிப்பேர்காரர்களுக்கு மட்டும் விற்கிற கடை. கடைக்காரருக்கு ஊமையண்ணன் என்று பேர் வைத்திருந்தார்கள். பேச வராமல் இல்லை, வாயைத் திறக்க மனசு வராது, அவ்வளவுதான்.

"ஒரு செட்டு எடுத்துக் குடுங்கண்ணே, நல்லதா."

"செட்டெல்லாம் வேணாம்."

"அப்புறம்?"

"எந்த ஸ்க்ரூ வர மாட்டேங்குதோ அதுக்கு ஒண்ணு வாங்குங்க. அடுத்தது மக்கர் பண்ணும்போது அடுத்தது."

வியாபாரம் செய்யத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தையல் சாமான் கடையில் தானும் அப்படித்தான் என்பது ஞாபகம் வந்தது. வெட்ட வேண்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு கத்தரிக்கோல் வாங்குகிறவள் அவள். மறுவாரம் மக்கர் செய்த வாட்ச்சையே எடுத்துப் போனாள்.

அன்றிலிருந்து அவள் கருவி வாங்குகிற அழகே தனி. திருப்புளியை ஸ்க்ரூவின் பள்ளத்தில் வைத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நிறைகிறதா என்று பார்ப்பாள். ஒரு மயிரிழை குறைந்தாலும் வேண்டாம். சாமணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு நுனியும் முத்தமிடுகிற இடத்தில் சந்து தெரிகிறதா என்று பார்ப்பாள். பிறகு தன் சட்டைக் கையிலிருந்து ஒரே ஒரு பஞ்சிழையை அதனால் எடுக்கப் பார்ப்பாள். வந்தால் வாங்குவாள், நழுவினால் வைத்துவிடுவாள். லென்ஸுக்காக ஊமையண்ணனின் தட்டில் இருந்த அத்தனையையும் கண்ணில் செருகிச் செருகி, கன்னத்தைச் சுளித்துப் பார்த்ததில், கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். தூசி ஊதும் ரப்பர் பந்து, எண்ணெய்ச் சொட்டை எடுத்து வைக்கும் மெல்லிய கம்பி, பிறகு உண்மையான வாட்ச் எண்ணெய். ஒவ்வொன்றாக வீடு வந்து, ஃபிளானல் துணி விரித்த மரப்பெட்டியில் குடியேறின.

"இன்னொரு திருப்புளியா?" என்பார் வீட்டுக்காரர்.

"அது வேற அளவுங்க. நான் என்ன எல்லாருக்கும் ஒரே அளவுலயா சட்டை தைக்கிறேன்?"



ஒரு சாமானை மட்டும் அவள் வாங்க மறுத்தாள். ஊமையண்ணன் தானாகவே முன்னால் தள்ளி வைத்த சின்ன நீலப் பெட்டி. மேலே ஒரு பொத்தான் இருந்தது.

"இது என்னண்ணே?"

"காந்தம் ஏறுனா எடுக்கறது. இரும்புல காந்தம் ஏறிட்டா வாட்ச்சு தறிகெட்டு ஓடும்."

"எங்க வீட்டுல காந்தம் ஏதுண்ணே? தையக்காரி வீடு." பெட்டியைத் திரும்பத் தள்ளிவிட்டாள். அந்த ஊசிக்கல் அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கல்லைக் கல்லென்றே சொல்லிச் சொல்லி, அது என்ன சாமான் என்பதையே அந்த வீடு மறந்து பல காலம் ஆகியிருந்தது.

கைக்குக் கிடைத்த ஓட்டை வாட்ச்சுகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றுத் துடிக்க ஆரம்பித்த சமயத்தில், மணிக்காரரின் வாட்ச் மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது. ரேடியோ சொல்லும் நேரத்தை வைத்து அவர் தினம் முள்ளைத் திருத்த வேண்டியிருந்தது. கடையில் கொடுத்தால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. வாட்ச் இல்லாத கையை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. விடுமுறை விட்ட அன்று சாயங்காலம் அவராகவே அதைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"நீயே பாரேன்."

டெய்லரம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். யாரிடமும் கொடுக்காத சாமான். "எதாவது ஆயிடுச்சுன்னா?" என்றாள்.

"ஆகாது. எனக்குத் தெரியாதா உன் கை."

அந்த விடுமுறை முழுக்க அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். ஒவ்வொரு உருப்படியாகக் கழற்றி, கழுவி, பல் குத்தும் குச்சி போன்ற மரக்குச்சியால் சக்கர அச்சுகள் சுழலும் சின்னச் சிவப்புக் கற்களின் துளைகளைச் சுத்தம் செய்து, எண்ணெய் வைத்து, திரும்பப் பூட்டினாள். தலைமுடியை விட மெல்லிய அந்தச் சுருள்வில் மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கியதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ரேடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. கொஞ்ச நாள் தன் கையிலேயே கட்டிக்கொண்டும் பார்த்தாள். அசையாமல் நேரம் சொன்னது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சாயங்காலம் தலைமையாசிரியையின் கோட்டுத் துணியை வெட்ட வேண்டியிருந்தது. மேஜை முழுக்கத் துணியை விரித்தாயிற்று. வார் மாட்டுவதற்காகக் கழற்றியிருந்த வாட்ச்சும் சாமணமும் துணிக்கு நடுவில் கிடந்தால் எங்காவது நழுவி விழும். ரெண்டையும் எடுத்து, அந்த வீட்டிலேயே ரொம்பப் பத்திரமான இடத்தில் வைத்தாள். கல்லின் மேல்.

மறுநாள் காலையில் மணிக்காரர் சாவி கொடுத்து, ரேடியோவைக் கேட்டு முள்ளை வைத்து, கையில் கட்டி, புது மாப்பிள்ளை போலக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு மணி அடித்தபோதெல்லாம் சுவர்க் கடிகாரம் பின்தங்கியே இருந்தது. டெய்லரம்மா ஸ்டூலில் ஏறி முள்ளை முன்னால் தள்ளினாள். மறுபடி மணி, மறுபடி ஸ்டூல். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சுவர்க் கடிகாரத்தைத் திட்டினாளே தவிர, வேறு சந்தேகம் வரவில்லை. கடைசி மணியும் அடித்தது. தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டது, வண்டிகள் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அதையும் அவள் கவனிக்கவில்லை. கோட்டின் கைக்குழியில் முழுகிக் கிடந்தாள்.

அடுத்த நாள் முதல் மணியின் சத்தமே வேறாக இருந்தது. மூச்சு விடாமல் டங் டங் டங் என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அடித்தார்கள். அது அவர் கை இல்லை. சாயங்காலம் கேட்டாள்.

"ஆபீஸ்ல இருக்கிற தம்பி அடிக்கிறான். கத்துக்கணும்னு ஆசைப்பட்டான்" என்றார் சாதாரணமாக. "வாட்ச்சு எப்படி ஓடுது?" என்று கேட்டாள். "அதுக்கென்ன, ராஜா மாதிரி ஓடுது." வாட்ச் அவர் கையில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. செடிக்குத் தண்ணீர் விடும்போது நனைந்துவிடக் கூடாது என்றார். மறுநாள் காலையில் ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டியபோது நடையில் ஒரு தளர்ச்சி இருந்தது, அவள்தான் அதை முதுகு வலி என்று எடுத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்தது தலைமையாசிரியை கோட்டை அளவு பார்க்க வந்தபோதுதான். சிரிப்பைச் சேமித்து வைக்கிற அம்மாள். கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றார். டெய்லரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு விளிம்பைச் சுற்றி மண்டியிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் கண்ணைச் சீக்கிரம் டாக்டர்கிட்டக் காட்டுங்க டெய்லரம்மா."

வாயில் ஊசி இருந்ததால் அவளால் கண்ணால்தான் கேட்க முடிந்தது.

"உங்களுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு எல்லா மணியையும் முன்னாடியே அடிச்சுட்டார். நாங்களும் அவர் மணியை நம்பி போனைப் பாக்கல. பிள்ளைங்க எல்லாம் வெளிய போயிட்டாங்க, கூட்டிட்டுப் போக ஆளில்ல. ஒரு பொடிப் பொண்ணு தானாவே நடந்து அவங்க அம்மா வேலை பாக்குற பேக்கரிக்குப் போயிருக்கு, பெரிய ரோட்டைத் தாண்டி. ஒண்ணும் ஆகல, நல்ல காலம். பெத்தவங்க வந்து சத்தம் போடாம இருப்பாங்களா? கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணு மங்கிடுச்சு டீச்சர், முள்ளை மாத்திப் பாத்துட்டேன்னார். அப்புறம் எப்படி நான் மணியை அவர்கிட்ட விடறது?"

டெய்லரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். பஞ்சு மெத்தையில் வரிசையாக நின்ற ஊசிகளைப் பார்த்தாள். சிவப்பு, கறுப்பு, சாம்பல், காலையில் அவர் கோத்தவை. இந்தக் கண்ணா மங்கிவிட்டது?  அந்தச் சின்னப் பெண் ரோட்டைத் தாண்டுவது கண்ணுக்குள் வந்து வந்து போனது.

கை தன்பாட்டுக்கு வேலையைத் தேடியது. விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒட்டுத் தையல் நூலைப் பிடுங்குவதற்காகக் கல்லின் மேல் இருந்த சாமணத்தை எடுத்தாள். அதன் நுனியோடு ஒரு குண்டூசியும் தொங்கிக்கொண்டே வந்தது. உதறினாள், விழவில்லை. விரலால் தள்ளிவிட்டாள், போய் விழுந்த ஊசி சாமணத்தைக் கிட்டே கொண்டுபோனதும் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் சாமணத்தைப் பார்த்தாள், அன்றைக்கு வாட்ச்சும் அதோடு கிடந்த கல்லைப் பார்த்தாள்.

"என்னாச்சு?" என்றார் தலைமையாசிரியை.

சும்மா இருந்திருக்கலாம். டாக்டரிடம் காட்டினோம், கண்ணாடி போட்டாயிற்று என்று சொன்னால் மணி தன்னால் திரும்பி வந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவர் தலையில் இல்லாத குறையைச் சுமத்திவிட்டு இந்தக் கோட்டை எப்படித் தைப்பது?

"அவர் கண்ணுல ஒண்ணுமில்லைங்க டீச்சர். வாட்ச்சை ரிப்பேர் பண்ணது நான். இந்தக் காந்தத்து மேல வெச்சுட்டேன். அதான் முந்தி ஓடியிருக்கு. தப்பு என்னுது."

தலைமையாசிரியை ஊசிகள் குத்திய அரைக் கோட்டோடு திரும்பினார். "அப்போ அவர் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கார்."

"ஆமாங்க டீச்சர்."

"உங்களைக் காட்டிக் குடுக்காம இருக்கறதுக்கு."

 தலைமையாசிரியை கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.  பிறகு, "எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார். எனக்காக ஒரு பொய்கூட சொன்னதில்லை" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இருந்தது. "வாட்ச்சைச் சரி பண்ணி எங்கிட்டக் காட்டுங்க. என் மேஜை மேல வெச்சு நானே பாக்கணும். சரியா இருந்தாத்தான் மணி."

அம்மாள் தெருவைத் தாண்டுமுன் டெய்லரம்மா கதவைப் பூட்டிக்கொண்டு மார்க்கெட் சந்துக்கு ஓடினாள்.

"அந்த நீலப் பெட்டி குடுங்கண்ணே."

"காந்தமே இல்லைன்னீங்க."

"கல்லுன்னு நெனச்சுட்டேண்ணே." நடந்ததைச் சொன்னாள். ஊமையண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சந்தில் அவர் பல்லைப் பார்த்தவர்கள் ரொம்பக் கம்மி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தியபடியே வாட்ச்சை மெல்ல மேலே தூக்கி விலக்க வேண்டும் என்று செய்து காட்டினார்.

மணிக்காரர் வீட்டுக்கு வந்தபோது மேஜை மேல் நீலப் பெட்டி இருந்தது, ஊசிக்கல் பின்கட்டுக்குப் போயிருந்தது. அவள் கையை நீட்டினாள். அவர் புரிந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து வாட்ச்சை எடுத்துக் கொடுத்தார்.

"டீச்சர் வந்தாங்களா?"

"வந்தாங்க. கண்ணு மங்கிடுச்சுன்னு சொன்னீங்களாமே. ஏங்க அப்படிச் சொன்னீங்க?" அவள் குரல் உடைந்தது. "அந்த மணிதானேங்க உங்களுக்கு எல்லாம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மரப்பெட்டியில் வரிசையாகப் படுத்திருந்த திருப்புளிகளைப் பார்த்தார்.

"வாட்ச்சு தப்புன்னு சொல்லியிருந்தா, நீ அப்புறம் இதை ஒண்ணையும் தொடமாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை? மூட்டை கட்டிப் பரண்ல போட்டிருப்பே." கோணலாகக் கிடந்த ஒரு திருப்புளியை நேராக வைத்துவிட்டுச் சொன்னார், "மணி அடிக்க இன்னொருத்தன் வந்துட்டான். உனக்கு இந்த ஆசை மறுபடி எங்கேருந்து வரும்?"

 அவள் கையில் இருந்த கோட்டுத் துணியின் மிச்சத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

வாட்ச் தலைமையாசிரியையின் மேஜை மேல் சில நாள் இருந்தது. அதன் பிறகு ஒரு காலையில், மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் முதல் அடியைக் கேட்டாள். மிதிப்பதை நிறுத்தினாள். அந்தச் சத்தம் மதில் தாண்டி, தெரு முழுக்க நடந்து, அவள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி விழுந்தது. சுவர்க் கடிகாரமும் சரியாக அதே நேரத்தைத்தான் காட்டியது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம். அவள் மரப்பெட்டியைத் திறந்தே பல நாளாகியிருந்தது. கோட்டு வேலை, கவுன் வேலை என்று ஏதோ ஒரு சாக்கு. அவர் வந்து வாட்ச்சைக் கழற்றி ஃபிளானல் துணி மேல் வைத்தார்.

"லேசாப் பின்தங்குது போல. தொறந்து பாரேன்."

அது பின்தங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அடித்த ஒவ்வொரு மணியையும் அவள் ரேடியோவோடு சேர்த்துக் கேட்டிருந்தாள். அவருக்கும் அது தெரியும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, "வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க" என்றாள்.